கம்மல் போச்சு, கத்தரிக்கா வந்துச்சு

மூணு வருஷம் கழிச்சு ஊருக்குப் போயிட்டு வந்தேன். மெல்போர்ன்ல இருந்து சிங்கப்பூர் மாறி நேரா கோயமுத்தூர்லயே எறங்கிக்கறது எவ்ளோ நிம்மதின்னு, சென்னையில எறங்கி ராத்திரி பூரா பொட்டியத் தள்ளிக்கிட்டு அலைஞ்சவங்களுக்குத்தான் தெரியும். சின்ன ஏர்போர்ட்டு, பொட்டி சீக்கிரம் வந்துருச்சு, வெளிய வந்தா காத்துல அந்த நம்மூரு வாசம். இங்க இருந்து போறவங்களுக்கு ஒரு தகவல், நம்மூரு பேங்க்ல என்ஆர்இங்கற, வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்களுக்கான அக்கவுண்ட் இருந்தா ஆஸ்திரேலியா நம்பரை வச்சே யூபிஐ போட்டுக்கலாம், நான் கெளம்பறதுக்கு முன்னாடியே செட் பண்ணிட்டுப் போனேன், எளநீர்க் கடையில இருந்து ஆட்டோ வரைக்கும் எல்லாம் அதுலயே ஓடுச்சு. போன தடவை சில்லறை இல்லாம பட்ட பாடு இந்த தடவை இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மிச்சியோட, அதான் அம்மாவோட அம்மா, செவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி. அம்மிச்சி சாகற வரைக்கும் காதுல போட்டிருந்தது, அப்பறம் அம்மா போட்டு, இப்ப எம்பொண்ணுக்குன்னு எடுத்துக் குடுத்தாங்க. பவுன் கணக்குல பாத்தா பெருசா ஒன்னும் இல்ல, ஆனா ஒரு கல்லுல மட்டும் ஓரமா சின்ன வெட்டு இருக்கும், அம்மிச்சி மடியில படுத்துக்கிட்டு அந்த வெட்டை நெகத்தால தேடிக்கிட்டே தூங்கினவ நான். திருகாணி மரை தேஞ்சு போச்சுன்னு கோயமுத்தூர் ராஜ வீதிப் பக்கம் ஒரு ஆசாரிகிட்ட குடுத்து சரி பண்ணி வாங்கிட்டு, பொள்ளாச்சிக்கு பஸ் ஏறலாம்னு உக்கடம் வந்தேன். அங்கதான் என்னோட அதிபுத்திசாலித்தனம் வேலை செஞ்சுது. ஹேண்ட்பேக்ல வச்சா எவனாவது அறுத்துட்டுப் போயிருவான், மஞ்சப்பையில வச்சா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு, கம்மல் டப்பாவ மைசூர்பா டப்பாவுக்கு அடியில போட்டு ஒரு மஞ்சப்பையில திணிச்சேன். மஞ்சப்பை இப்ப மறுபடியும் எல்லார் கையிலயும் வந்துருச்சுங்கறது என் மண்டையில ஏறல.

பஸ்சு ஒரு பிரைவேட் பஸ்சு, பேர் வேண்டாம். உள்ள போட்ட பாட்டுச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறது கூட காதுல விழல. உக்கடத்துல இப்ப பெரிய மேம்பாலம் கட்டிட்டாங்க, 2024ல தெறந்தது, முன்ன மாதிரி ஆத்துப்பாலம் தாண்டறதுக்குள்ள ஒரு தூக்கம் போடற கதையெல்லாம் இல்ல. ஆனா எனக்கு ஜெட்லாக், ஜன்னல்ல தலைய சாச்சதுதான் தெரியும், கண்ணு முழிச்சா பொள்ளாச்சி. காலுக்கடியில மஞ்சப்பை இருந்துச்சு, எடுத்துட்டு எறங்கிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் பைய ஆணியில மாட்டிட்டு மறுபடியும் படுத்துட்டேன். ராத்திரி எந்திரிச்சு சாப்பிட உக்காந்தா கத்தரிக்கா கொழம்பு. பிஞ்சுக் கத்தரிக்கா, அவ்ளோ ருசி. ரெண்டாவது தடவை சோறு வாங்கிக்கிட்டே "ஏதுங்கம்மா இந்தக் கத்தரிக்கா"ன்னு கேட்டேன்.

"ஏங்கண்ணு, நீதான வாங்கியாந்த, பையில இருந்துச்சே."

எனக்கு சோறு தொண்டையில நின்னுருச்சு.

ஓடிப் போயி பாத்தா பை நம்ம பையே இல்ல. கத்தரிக்காயோட ஒரு கட்டு வெத்தலை இருந்துச்சாம், அதுல பாதி அம்மா வாய்ல போயாச்சு. பை மூலையில பழைய துணியில முடிஞ்ச பணம், எண்ணிப் பாத்தா 1,200 ரூபா. அம்மா பாத்த ஒடனே "இது முதியோர் பணமுங்கண்ணு, யாரோ கெழவி பை"ன்னுட்டாங்க. மாத்திரை அட்டைகளும் இருந்துச்சுன்னாங்க, அது எனக்குன்னு நெனச்சு ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டாங்களாம். பேரு ஊரு ஒன்னும் தெரியல. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல, அம்மாவும் தூங்கல. ஆனா கம்மலப் பத்தி ஒரு வார்த்தை என்னை அவங்க சொல்லல. திட்டியிருந்தா கொஞ்சம் பாரம் எறங்கியிருக்கும்.

பஸ் சீட்டு பர்ஸ்ல இருந்துச்சு, அதுல ஒரு போன் நம்பர் அச்சடிச்சிருந்தாங்க, அடிச்சா ஓனர் எடுத்து கண்டக்டர் நம்பர் குடுத்தாரு. இதைச் சொல்லியே ஆகணும், அந்தக் கண்டக்டர் தம்பி கடைசி டிரிப்பு முடிச்சு சீட்டுக்கடியில எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு பதினோரு மணிக்கு மேல அவராவே திருப்பிக் கூப்பிட்டாரு. "பை ஒன்னும் இல்லீங்க்கா. ஆனா கெணத்துக்கடவுல ஒரு பாட்டி எறங்குச்சுங்க, மஞ்சப்பை வச்சிருந்துச்சு, உங்க பக்கத்து சீட்டுதானுங்". பஸ் சீட்ட கசக்கிப் போட்டுறாதீங்க, அம்புட்டுதான் சொல்லுவேன்.

மறுநாள் காலையில போலீஸ். ரெண்டு ஸ்டேஷன் போனேன். மொத ஸ்டேஷன்ல அரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, பஸ் ஏறுனது கோயமுத்தூரு, அங்க போயி சொல்லுங்க, எங்க லிமிட் இல்லன்னாங்க. ரெண்டாவது எடத்துல ஒரு பொம்பளை போலீஸ், வயசு இருவத்தஞ்சு இருக்கும், பேனாவ வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "அக்கா, இது யாராச்சும் எடுத்ததுங்களா, நீங்க விட்டதுங்களா?"

நான் முழிச்சேன். எடுத்ததுன்னா திருட்டு, எஃப்ஐஆர். விட்டதுன்னா வெறும் மனு. "மாறிப் போச்சுங்க"ன்னேன், அதுக்கு அவங்ககிட்ட தனியா கட்டம் கெடையாது போல, சிரிச்சுட்டாங்க. ஆன்லைன்ல தொலைஞ்சதுன்னு பதிஞ்சு ரிப்போர்ட் எடுக்கற வசதி தமிழ்நாடு போலீஸ் சைட்ல இருக்கு, ஆனா அது பாஸ்போர்ட், லைசென்ஸ், ஆர்சி புக்கு, சர்டிபிகேட் மாதிரி பேப்பருங்களுக்குத்தான், நகைக்கு ஆகாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. மனு எழுதி வாங்கி, மனுவைப் பதிஞ்சதுக்கு சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது குடுத்தாங்க, பைசா கேக்கல. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டுப் போறவங்க இந்த ரசீதை மறக்காம வாங்கிக்கோங்க, போலீஸ் பேப்பர் இல்லாம அவங்க பேச்சே எடுக்க மாட்டாங்க.

இதுக்குள்ள அத்தை வந்துட்டாங்க. வந்ததும் வராததுமா "ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுட்டு வந்தர்லாம், செவ்வாக்கெழமையாப் போச்சு, மாசாணி பாத்துக்குவா"ன்னு ஒரே பேச்சு. வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், ஆனைமலை பொள்ளாச்சியில இருந்து கொஞ்ச தூரம்தான், மாசாணியம்மன் அங்க படுத்த கோலத்துல இருப்பா. மயானத்துல சயனிச்சவ, மயானசயனி, அதுதான் மாசாணி ஆச்சுன்னு சொல்லுவாங்க. நன்னங்கற ராசாவோட தோட்டத்து மாங்காய், ஆத்துல மெதந்து வந்ததை எடுத்துத் தின்ன ஒரே குத்தத்துக்கு ஒரு பொண்ணை அவன் கொன்னுட்டான், அந்தப் பொண்ணுதான் அம்மனா நிக்கறான்னு கதை. அங்க நீதிக்கல்லுன்னு ஒன்னு இருக்கு. பொருளைப் பறிகுடுத்தவங்க, ஏமாந்தவங்க வரமொளகாய அரைச்சு அந்தக் கல்லுல பூசிட்டு வருவாங்க, எடுத்தவங்களுக்கு ஒடம்பு எரியும், பொருள் தானா வரும்னு நம்பிக்கை. வந்ததுக்கப்பறம் மறுபடியும் போயி எண்ணெய்க்காப்பு செஞ்சு குளிர வைக்கணும்.

நான் அப்படி ஒன்னும் பெரிய பக்தை இல்ல. ஆனா அன்னைக்கு எம்மனசு இருந்த இருப்புக்கு எங்க கூப்பிட்டாலும் போயிருப்பேன். போனோம். செவ்வாய் வெள்ளி, அமாவாசை, இந்த நாளெல்லாம் கூட்டம் ஜாஸ்தி, பெரியவங்களக் கூட்டிட்டுப் போறவங்க வேற நாள் பாத்துக்கோங்க. வரிசையில நிக்கறப்பவே மொளகா நெடி மூக்கைப் புடிச்சுருச்சு. அம்மிக் கல்லுல பொம்பளைங்க குனிஞ்சு அரைக்கறாங்க, இருமறாங்க, தும்மறாங்க, கண்ணுல தண்ணி கொட்டுது, அது நெடியினாலயா வயித்தெரிச்சலான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு, கல்யாணமாகி கொஞ்ச நாள்தான் இருக்கும், மஞ்சக் கயிறு புதுசு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அரைச்சா பாருங்க. என்னத்தப் பறிகுடுத்தாளோ. விரலெல்லாம் செவந்து போயி, முந்தானையில தொடைக்கக் கூட இல்லாம அப்படியே நின்னுக்கிட்டிருந்தா.

எங்க முறை வந்துச்சு. அத்தை மொளகாய என் கையில குடுத்தாங்க. எனக்கு அந்தப் போலீஸ் பொண்ணு கேட்டதுதான் காதுல ஓடுது, எடுத்ததுங்களா விட்டதுங்களா. அம்மா என் கையப் புடிச்சு ஓரமா இழுத்தாங்க.

"வேண்டாங்கண்ணு. அந்தக் கெழவி தெரிஞ்சு எடுத்தாளா தெரியாம எடுத்தாளா. தெரியாம எடுத்தவளுக்கு எரிஞ்சா அந்தப் பாவம் நம்மளச் சேரும். அவ பணம் நம்மூட்டுல இருக்கு, அவ கத்தரிக்கா நம்ம வயித்துல இருக்கு. நாம அரைச்சா மாசாணி யாரை எரிப்பா?"

அத்தைக்குக் கோவம். "இத்தினி தூரம் வந்துட்டு அரைக்காமப் போறதா, தங்கத்தப் பாத்தவ திருப்பிக் குடுப்பாளா"ன்னு சத்தம் போட்டாங்க. அம்மா காதுலயே வாங்கல. அம்மன் முன்னாடி போயி கண்ண மூடி நின்னாங்க, வாய் மட்டும் அசைஞ்சுது, அவங்க சொன்னதுல கடைசி வரி மட்டும் எனக்குக் கேட்டுச்சு. "எங்களுதும் வரோணும், அவளுதும் போய்ச் சேரோணும் தாயே". மொளகாய அங்கயே வச்சுட்டு வந்துட்டோம்.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா பிரஷர் மாத்திரை போடறதுக்கு அவங்க நோட்டை எடுத்தாங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து கவருமெண்டுல சுகர், பிரஷர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்கல்ல, அதுக்கு ஒரு நோட்டு வச்சிருக்காங்க. எடுத்தா ரெண்டு நோட்டு இருக்கு! பையில இருந்ததையும் தன்னோடதுன்னு நெனச்சு தன் நோட்டோட சேத்து அடுக்கி வச்சிருக்காங்க. தெறந்து பாத்தா வேற பேரு, வயசு 71, கெணத்துக்கடவுப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தோட முத்திரை.

"பாத்தியா, மாசாணி காட்டிட்டா"ன்னாங்க அம்மா. மாத்திரை நேரம் காட்டுச்சுன்னு நான் நெனச்சேன், வாயத் தெறக்கல. காலையிலயும் அதே மாத்திரைதான் போட்டாங்க, அப்ப ஏன் கண்ணுல படலன்னு கேட்டா என்கிட்டயும் பதில் இல்ல.

மறுநாள் காலைல எட்டு மணிக்கே அந்த ஆஸ்பத்திரியில போய் நின்னோம். நர்ஸம்மா வெலாசம் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, அது சரிதான், யார் யாரோ வந்து கேட்டா குடுக்க முடியுமா. ஆனா அங்கயே எங்கள உக்கார வச்சுட்டு வீடு வீடா மாத்திரை குடுக்கற அக்காவுக்கு போன் போட்டாங்க, அந்தக்கா ஸ்கூட்டியில வந்து "அந்தப் பாட்டியா, ரெண்டு நாளா மாத்திரை இல்லாம கெறக்கமா இருக்குன்னாங்க, இப்பத்தான் வேற குடுக்கலாம்னு இருந்தேன்"னு சொல்லிட்டு முன்னாடி வண்டிய ஓட்ட, நாங்க ஆட்டோல பின்னாடி போனோம்.

ஓட்டு வீடு, வாசல்ல ஒரு வெள்ளாடு. பாட்டி கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்துச்சு. எங்க கையில மஞ்சப்பையப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துச்சு, முடியல. ஒன்னும் பேசாம இடுப்புல சொருகியிருந்த முந்தி முடிச்ச அவுத்துச்சு. டப்பா கூட இல்ல, கம்மல் ரெண்டையும் துணியில சுத்தி மடியிலயே வச்சிருந்திருக்கு.

"ரெண்டு ராத்திரியா தூக்கமில்லீங் அம்மிணி. பொருள் யாருதோ என்னமோ. டப்பாவுல கடைச் சீட்டு இருந்துச்சு, ஞாயித்துக்கெழம பையனுக்கு லீவு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி விசாரிக்கச் சொல்லியிருந்தனுங்". அப்பறம் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு சொல்லுச்சு. "எம்பட 1,200 ரூவா போச்சேன்னு மருமக ஆனைமலைக்குப் போயி மொளகா அரைக்கலாம்னா. நாந்தான், அடியே, அடுத்தவ தங்கத்த மடியில கட்டிக்கிட்டு அரைச்சா நமக்கேதான்டி எரியும்னு அடக்கி வச்சேன்."

அம்மா அத்தையத் திரும்பிப் பாத்தாங்க. அத்தை வெள்ளாட்டப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

நான் கம்மல வாங்கி மொதல்ல அந்த வெட்டைத்தான் நெகத்தால தேடினேன். இருந்துச்சு. அழுகைய அடக்க முடியல, பாட்டி என் தலையத் தடவிக் குடுத்துச்சு. பணத்தையும் மாத்திரையையும் நோட்டையும் அம்மா ஒவ்வொன்னா எடுத்துக் குடுத்தாங்க, பாட்டி பணத்தை ரெண்டு தடவை எண்ணிட்டு பைய நல்லா விரிச்சு உள்ள எட்டிப் பாத்துச்சு.

"கத்தரிக்கா இருந்துச்சுங்களே."

அம்மா என்னப் பாத்தாங்க, நான் அம்மாவப் பாத்தேன். கொழம்பு வச்சதைச் சொல்லித்தான் ஆகணும், சொன்னோம். வெத்தலையையும் சேத்து. பாட்டி ஒரு நிமிஷம் ஒன்னும் பேசல, அப்பறம் உள்ள இருந்த மருமகளக் கூப்பிட்டு, "அந்த இனிப்பு டப்பாவக் கொண்டா"ன்னுச்சு. அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கிக் கொண்டாந்த மைசூர்பா டப்பாவத் தெறந்தா உள்ள ஒரே ஒரு துண்டு, அதுலயும் ஒரு மூலையில சின்னதா ரெண்டு பல்லு கடிச்ச தடம்.