சக்கையா, நிலக்கரியா, ஃபர்னஸ் ஆயிலா: மொரீஷியஸ் பாய்லருக்கு எது?

ஜூன் வாக்கில் அரவை தொடங்கினால் எங்கள் ஊர்க் கரும்பாலைகளில் பாய்லருக்குச் சக்கைதான். டிசம்பரோடு கரும்பு தீர்ந்ததும் கப்பலில் வந்த நிலக்கரி அதே பாய்லருக்குப் போகும். வடக்கே பெல் வூ மின்நிலையம் 2000 முதல் இரண்டையும் எரித்து வந்திருக்கிறது. இதில் எது நல்ல எரிபொருள் என்று கேட்டால், பலரும் கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்றுதான் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஃபர்னஸ் ஆயில் (கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கெட்டியான எண்ணெய்) சுமார் 9,600 கிலோ கலோரி, நல்ல நிலக்கரி 6,000, சக்கை வெறும் 1,800. சக்கை தோற்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் ஆலையின் கடைசி உருளையிலிருந்து வரும் சக்கையை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டாது, உள்ளங்கை மட்டும் ஈரமாகும். அந்தப் பிடியில் பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கவே அடுப்பு முதலில் உழைக்க வேண்டும், அந்த ஆவியும் வெப்பத்தோடு புகைபோக்கி வழியே போய்விடும். ஈரம் 50 சதவீதத்திலிருந்து 45க்கு இறங்கினாலே கிலோவுக்கு 2,000 கிலோ கலோரிக்கு மேல் கிடைக்கும். புதுப் பாய்லர் வாங்குவதற்கு முன்னால் உருளைகளின் அழுத்தத்தைச் சரிபாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது காற்று. ஃபர்னஸ் ஆயிலை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பர்னரில் மெல்லிய துளிகளாகத் தெளித்தால் 10, 15 சதவீதம் உபரிக் காற்றே (எரியக் கணக்குப்படி தேவைப்படுவதற்கு மேல் விடும் காற்று) போதும். கிரேட்டில், அதாவது அடுப்பின் கம்பித் தட்டில், எரியும் நிலக்கரிக்கும் சக்கைக்கும் 30 சதவீதமாவது வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை வரும், கார்பன் மோனாக்சைடாக எரிபொருள் வீணாகும். கூடினால் வெறும் காற்றைச் சூடாக்கி வெளியே விடுகிறோம்.

ஆயிலில் கந்தகம் அதிகம், விலையும் அதிகம். அதை அடுப்பு பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிலக்கரியில் சாம்பல் 12, 15 சதவீதம் வரை போகும், குவித்து வைத்தால் தானாகவே சூடேறும். சக்கையில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், சாம்பலும் சொற்பம். என் ஓட்டு சக்கைக்குத்தான்.

ஒரே தடை இடம். ஒரு கனமீட்டர் நிலக்கரி தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய 20 கனமீட்டர் தளர்ந்த சக்கை வேண்டும். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைக்க இந்தத் தீவில் எங்கே கொட்டகை போடுவது?

2030க்குள் நிலக்கரியை நிறுத்துவதாக 2021இல் அரசு அறிவித்தது. அப்புறம் வயலில் விட்டுவிடும் கரும்புத் தோகைதான் கண்ணில் படுகிறது. காய்ந்த தோகையில் ஈரம் குறைவு, வெப்பம் சக்கையைவிட அதிகம். ஆனால் அதில் பொட்டாசியமும் குளோரினும் கூடுதல். சாம்பல் இளகி, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும், குளோரின் குழாயை அரிக்கும். அதனால் முதலில் சக்கையோடு கொஞ்சமாகக் கலந்து எரித்து, வாராவாரம் பாய்லரைத் திறந்து குழாய்களைப் பார்க்க வேண்டும்.