ஸ்பீக்கர் கேபிளுக்கு 38,000 ரூபாய்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

வீட்டில் நல்ல ஸ்டீரியோ செட் போடவேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆம்ப், ஸ்பீக்கர் விலையெல்லாம் இப்போது போனில் தேடினால் தெரிந்துவிடும். கடைக்காரருக்கு அதில் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. அவர் கை வைப்பது கேபிளில்.

என் மச்சானுக்கு நடந்தது இது. விளாங்குடியில் புது வீடு, மாடி ஹாலுக்கு செட். மதுரையிலேயே ஒரு கடை, பெயர் வேண்டாம். பேரமெல்லாம் முடிந்த பிறகு, "இவ்வளவு போட்டுட்டு சாதா ஒயரா சார் மாட்டப் போறீங்க?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். 3 மீட்டர் ஸ்பீக்கர் கேபிள் ஜோடி 38,000. பவர் கார்டு 14,000. பிளேயரிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிள் 9,000. கடையிலேயே மாற்றி மாற்றிப் போட்டும் காட்டினார்களாம். சாதா ஒயரில் பாட்டு சப்பென்று இருந்தது, பாஸே இல்லை, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே பிடிபடவில்லை. விலை கூடின கேபிளை மாட்டியதும் குரல் நட்டநடுவில் வந்து நின்றது, தவில் நெஞ்சில் இடித்தது. யாருக்குத்தான் ஆசை வராது? வாங்கிவிட்டான்.

வீட்டில் மாட்டியதும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். கடைக்குப் போன் போட்டால், "பர்ன்-இன் ஆகணும் சார், 200 மணி நேரம் ஓடட்டும்" என்றார்கள். கம்பி எதுவும் ஓடி ஓடிப் பழகுவதில்லை. கேபிளைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் நமக்கு வராமல் நாளைக் கடத்தத்தான் இந்தக் கணக்கு.

திருமங்கலத்தில் மைக்செட் வைத்திருக்கும் என் சேக்காளியைக் கூட்டிப் போனேன். கேபிளைக் கையில் தூக்கியதுமே, "என்னண்ணே, இம்புட்டுத் தண்டிக்கு கனத்தையே காணோம்?" என்றான். முனையில் பிளக்கைக் கழற்றி ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினான். மேலே காப்பர் நிறம், உள்ளே வெள்ளை. அதே இழையை லைட்டர் தீயில் காட்டியதும் உருகிச் சுருண்டது. காப்பர் உருக 1,085 டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கு 660 போதும். 'ஆக்சிஜன் ஃப்ரீ சுத்த காப்பர்' என்று அட்டைப்பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருந்த கேபிள், காப்பர் பூசிய அலுமினியம்.

நீங்கள் சோதிப்பதென்றால் மல்டிமீட்டர் காட்டும் ஓம் கணக்கை நம்பாதீர்கள். அதன் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும். கேபிளின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் 1 ஆம்பியர் விட்டு எத்தனை மில்லிவோல்ட் குறைகிறது என்று பார்க்கவேண்டும். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பராக இருந்தால் 3 மீட்டருக்குப் போக வர 42 மில்லிவோல்ட் அளவில் வரும். இதில் 65-ஐத் தொட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுமினியமாக இருந்தும் பாட்டு ஒன்றும் கெடவில்லை. 65 மில்லிவோல்ட் என்றால் 0.065 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. ஹால் நீளமாக இருந்து 15 மீட்டர் இழுக்கவேண்டும் என்றால் 4 ஸ்கொயர் போடுங்கள், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஃப்ரீ காப்பருக்கும் சாதாரண எலக்ட்ரிகல் காப்பருக்கும் கரண்ட் கடத்துவதில் 1 சதவீதம்தான் வித்தியாசம். பவர் கார்டு 'கரண்டைச் சுத்தம் பண்ணும்' என்றார்களாம். சப்ஸ்டேஷனிலிருந்து தெருக்கம்பம் வரை அலுமினியக் கம்பியில் வரும் கரண்டைக் கடைசி ஒன்றரை மீட்டர் வந்து என்ன கழுவிவிடப் போகிறது?

ரீங்காரத்துக்குக் காரணம் வேறு. கேபிள் டிவி ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கியதும் நின்றுபோனது. அந்த ஒயர் வழியாகவும் ஆம்பின் மூன்று முள் பிளக் வழியாகவும் இரண்டு எர்த் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் கரண்ட் சுற்றிக்கொண்டிருந்தது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவில் சத்தத்தைக் கம்பி இல்லாமல் ஒளியாகக் கடத்தும் சில நூறு ரூபாய் ஆப்டிகல் கேபிள் போட்டோம், சரியாகிவிட்டது.

கடைக்குப் போய், அன்று காட்டியதுபோல மறுபடி காட்டச் சொன்னோம். அதே சப்பென்ற பாட்டு. சேக்காளி நேராக ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். "ஏண்ணே, ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸை மாத்திக் குடுத்திருக்கீகளே?" அப்படிக் கொடுத்தால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், பாஸ் அடிபட்டுப் போகும், குரல் சிதறும். பையன் 'தெரியாமல் மாறிவிட்டது' என்றான். சரியாக மாட்டியதும் சாதா ஒயரிலும் அதே தவில், அதே நட்டநடுக் குரல். ஆக, டெமோ கேட்கப் போனால் முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னால் பாருங்கள், வால்யூம் எண் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காது நல்ல கேபிள் என்று சொல்லிவிடும்.

முதலாளி, "காது உள்ளவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர், 7,250 டாலர் கேபிளையும் விலை குறைந்த கேபிளையும் கேட்டே பிரித்துச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று பந்தயம் கட்டினார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

பில்லில் 'ஸ்பீக்கர் கேபிள் 1 செட்' என்று மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, அட்டைப்பெட்டியை மச்சான் தூக்கிப் போடவில்லை. நீங்கள் வாங்கினால் காப்பரா, எத்தனை ஸ்கொயர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற ரப்பர் ஸ்டாம்புக்குப் பயப்படாதீர்கள். பில்லில் கெடு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்த பிறகு ஸ்பீக்கர் கேபிளுக்கான பணம் வந்தது. பவர் கார்டு, ஆர்சிஏ பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறார்கள். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுகிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.