மேஸ்திரி தலையா, வாட்ஸ்அப்பா, மென்பொருளா, நோட்டா?

தண்டையார்பேட்டை வீட்டில் செய்த தப்பைத் திருவொற்றியூர் வீட்டிலும் அப்படியே செய்தோம். கம்பி வீண், ரப்பீஷ் லாரி லாரியாக. வேலை தெரியாமல் இல்லை. தெரிந்ததை அடுத்த சைட்டுக்கு எடுத்துப் போக வழி இல்லை. நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரியின் தலையை விடப் பெரிய கிடங்கு கிடையாது. 12 மீட்டர் கம்பியில் தூணுக்கு 3.5 மீட்டர் வீதம் மூன்று துண்டு வெட்டினால் 1.5 மீட்டர் மிஞ்சும். 16 எம்எம் கம்பியில் அது சுமார் 2.4 கிலோ. காயலான் கடைக்கு என்று நான் ஒதுக்கிய குவியலைப் பார்த்து மேஸ்திரி சொன்னார்: "சார், இது பீம் எக்ஸ்ட்ராவுக்கு ஆவும், போட்றாதீங்க." வரைபடத்தை விரித்தேன். பீம் முனையில் மேலே போடும் எக்ஸ்ட்ரா கம்பி அதே நீளம்! நூறு கம்பிக்குக் கால் டன் கிட்டத்தட்ட மிச்சம். ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை. அடுத்த சைட்டுக்கு அவர் வரவில்லை. துண்டுகள் எடைக்குப் போயின.

வாட்ஸ்அப் குழுவுக்கு வேகம் உண்டு, ஞாபகம் கிடையாது. சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். நான் போட்ட அந்தத் தகவல் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விட்டது. ஏழாம் நாளே நிறுத்திவிட்டார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் சரியாக இறுகாத கான்கிரீட்டுக்குள் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பிறகு உடைத்துக் கட்டினால், கரியமில வாயுவைக் குறைக்கச் சாம்பல் சிமெண்ட் போட்ட பலன் எங்கே?

கட்டடம் முழுவதையும் கணினியில் மாதிரியாகக் கட்டிப் பார்க்கும் பிம் (BIM) போன்ற மென்பொருள், மாதவரத்தில் தொடங்கும் மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற வேலைக்குத் தேவைதான். மூன்று மாடி வீட்டில் கம்பி வெட்டுபவர் கைக்கு அது வராது.

என் ஓட்டு, கையால் எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கு. முடிவோடு காரணத்தையும் எழுதினால்தான் அது உதவும். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மறுசுழற்சி ஜல்லி பற்றியது. கொடுங்கையூரில் மாநகராட்சியின் கட்டட இடிபாடு பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. இப்படி உடைத்த கான்கிரீட் ஜல்லியை ஆர்சிசியில் (கம்பி போட்ட கான்கிரீட்டில்) 20 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் எம் 25 என்ற வலிமைத் தரம் வரைதான் என்கிறது ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 383 (2016). கடலோரத்துக்குக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 அதைவிட வலுவான எம் 30-ஐயாவது கேட்கிறது. ஆகவே கடலோரக் காசிமேட்டில் தூணுக்கும் பீமுக்கும் கூடாது. அஸ்திவாரத்துக்கு அடியில், எம் 15க்குக் கீழான கான்கிரீட்டில் முழுக்க அதையே போடலாம். கடலை விட்டுத் தள்ளி, எம் 25 போதும் என்று டிசைனர் சொல்லும் வீட்டில் இதே பக்கம் வேறு பதில் தரும். "கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயும் புது ஜல்லிதான் இறங்கியிருக்கும்.

நோட்டு நனையும், தொலையும். அதனால் பக்கங்களைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு மேலே பின் செய்து வைக்கிறேன். பீகார், ஒடிசா தம்பிகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. கம்பித் துண்டுகளைப் படமாக வரைந்து நீளத்தை எண்ணில் எழுதி, வெட்டும் மேஜைக்கு மேலே ஒட்டுகிறோம். கம்பி லோடு இறங்கியதும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் கட்டரை ஓட விடுகிறேன்.