மிக்ஸிங்னு காசு வாங்கிட்டு ரஃப் மிக்ஸ்லயே லிமிட்டர் போட்டு அனுப்பின ஆளு: பாட்டு குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சொந்தமா பாட்டு ரெக்கார்ட் பண்ணி, மிக்ஸிங் (தனித்தனியா எடுத்த டிராக்கை எல்லாம் சேர்த்து ஒரே பாட்டாக்குறது), மாஸ்டரிங்க்கு (அந்த முடிஞ்ச பாட்டை ரிலீஸுக்குத் தயார் பண்றது) ஆன்லைன்ல யார்கிட்டயாவது குடுக்கலாம்னு தேடிட்டு இருக்கீங்கன்னா கொஞ்சம் நின்னு இதைப் படிச்சுட்டுப் போங்க. நான் ஏமாந்துட்டேன். காசு போனதைக் கூட தாங்கிக்கலாம், எட்டு மாசம் உக்காந்து பண்ண பாட்டு ஒருத்தர் கையில குடுத்தும் அவர் அதைத் திறந்து கூட பாக்கலங்கறதுதான் இன்னைக்கும் வயித்தெரிச்சலா இருக்கு. அவர் பேரு இங்க போடல, பேரு மாத்திட்டு இன்னொரு அக்கவுண்ட்ல வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அதனால ஆளை விட அந்த வேலை எப்படி நடந்துச்சுங்கறதை முழுசா எழுதுறேன்.

பாட்டு என்னோடது, பாடினது என் தங்கச்சி. மொத்தம் 31 டிராக். கிட்டார் ரெண்டு மைக்ல எடுத்தது, பேஸ் நேரா இன்டர்ஃபேஸ்ல ஒண்ணு, ஆம்ப் முன்னாடி மைக் வச்சு ஒண்ணு, டிரம்ஸ், ஹார்மனி வாய்ஸ் ஆறு, அப்புறம் வயலின் மூணு லேயர், அது ஒரு ஃப்ரெண்டு அவர் வீட்லயே வாசிச்சு அனுப்புனது. பாட்டு எப்படி வரணும்னு ஒரு ஐடியாவுக்காக நானே ஃபேடரை (ஒவ்வொரு டிராக்கோட சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற பிடி) ஏத்தி இறக்கி ஒரு ரஃப் மிக்ஸ், அதாவது தோராயமான மிக்ஸ் போட்டு, மெசேஜ்ல அனுப்ப ஈஸியா இருக்கட்டும்னு 128 கேபிபிஎஸ் எம்பி3யா (சைஸைக் குறைக்க சுருக்கின, தரம் கம்மியான ஃபைல்) எடுத்து வச்சிருந்தேன். இந்த எம்பி3யை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொண்ணு, ரஃப் மிக்ஸ் போட்டதுக்கு அப்புறம் தங்கச்சிக்கு சரணம் பாடினது திருப்தி இல்ல, ரெண்டாவது சரணத்தை மட்டும் மறுபடி பாடுறேன்னு சொல்லி ரெண்டு நாள் உக்காந்து பதினோரு டேக் எடுத்தோம், அந்தக் கடைசி டேக்தான் ஃபோல்டர்ல வச்சு அனுப்பினது. ரஃப் மிக்ஸ்ல இருக்குறது பழைய சரணம், அது பேலன்ஸுக்கு மட்டும்தான், வாய்ஸை டிராக்ல இருந்து எடுத்துக்கோங்கன்னு நோட்ஸ்ல தெளிவா எழுதியும் இருந்தேன்.

ஆன்லைன் தளத்துல அந்த மிக்ஸிங் ஆளோட புரொஃபைல்ல பெரிய கன்சோல் முன்னாடி உக்காந்த மாதிரி போட்டோ, அனலாக் கியர்ல மிக்ஸ் பண்றேன்னு எழுத்து, கீழ பிஃபோர் ஆஃப்டர்னு நாலஞ்சு சாம்பிள். ஆஃப்டரை அமுக்கினா அப்படியே பாட்டு முன்னாடி வந்து நிக்குது. நான் விழுந்தது அதுலதான். ரெண்டும் ஒரே சத்தத்துல இல்லங்கறது அப்ப எனக்குத் தோணவே இல்ல. சத்தம் கூடினா நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் அதிகமா கேக்கும், 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டியிருக்காங்க, ஒரே பாட்டை ரெண்டு மூணு டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஏத்தி வச்சாலே முன்னாடி கேட்டதை விட இது நல்லா இருக்குன்னுதான் சொல்லுவோம். இனிமே யாரோட பிஃபோர் ஆஃப்டர் கேட்டாலும் ஆஃப்டரை இறக்கி பிஃபோர் அளவுக்குக் கொண்டு வந்துட்டுக் கேளுங்க, பாதிப் பேரோட வித்தை அங்கயே கலைஞ்சிடும்.

ஃபைல் எல்லாம் அனுப்பின ரெண்டாவது நாளே பாட்டு வந்துடுச்சு. 31 டிராக் குடுத்திருக்கேன், நடுவுல ஒரு கேள்வி கூட கேக்கல. அப்ப அதை நான் திறமைன்னு நினைச்சேன். வந்தது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், ஹை ரெஸ்னு பேர்லயே போட்டிருந்தார். கார்ல போட்டுக் கேட்டா அதிருது, எனக்கு சந்தோஷம் தாங்கல. அப்பதான் அவர் ஒரு மெசேஜ் போட்டார், அப்ரூவ் பண்ணிடுங்க, ரிவிஷன் அப்புறமும் பண்ணித் தர்றேன், மூணு தடவை ஃப்ரீதான்னு. நானும் நம்பி அப்ரூவ் அமுக்கிட்டேன். அமுக்கின உடனே, தளம் அதுவரைக்கும் பிடிச்சு வச்சிருந்த காசு அவருக்குப் போயிடுச்சு. அந்த பட்டன் மட்டும்தான் நம்ம கையில இருக்குற பிடி, அதை எக்காரணம் கொண்டும் ரிவிஷன் முடியாம விடாதீங்க.

ரெண்டு நாள் கழிச்சு நிதானமா ஹெட்ஃபோன்ல கேட்டப்ப பல்லவியில வாய்ஸ் கொஞ்சம் உள்ள போன மாதிரி இருந்துச்சு. வாய்ஸை மட்டும் ஒரு டிபி ஏத்தி கிட்டாரை லேசா குறைச்சுத் தாங்கன்னு கேட்டேன். திரும்பி வந்ததுல வாய்ஸ் ஏறியிருந்துச்சு, ஆனா கிட்டாரும் கூடவே ஏறியிருந்துச்சு, வயலின் காதைக் குத்துது, ஸ்னேர் கூட முன்னைக்கு இப்ப கரகரன்னு இருக்கு. தனித்தனி டிராக் கையில இருக்குற ஆளுக்கு இது ஒரு ஃபேடர் வேலை, ரெண்டு செகண்ட் ஆகாது. மொத்தப் பாட்டும் ஒரே ஸ்டீரியோ ஃபைலா இருந்தாதான் வாய்ஸை ஏத்த ஈக்யூல (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை மட்டும் ஏத்தி இறக்குற கருவி) 2, 3 கிலோஹெர்ட்ஸை ஏத்தணும், அந்த இடத்துல கிட்டாரும் வயலினும் குடியிருக்கு, அதுவும் சேர்ந்துதான் வரும். இதெல்லாம் இப்ப சொல்றேன், அப்ப எனக்குப் பிடிபடல, அவருக்குக் காது அப்படிப் போலன்னு விட்டுட்டேன்.

அடுத்து மேடையில பாட வேணும்னு வாய்ஸ் இல்லாத இன்ஸ்ட்ருமென்டல் வெர்ஷன் கேட்டேன். அதுக்கு மட்டும் மூணு நாள் எடுத்தார். வந்ததைக் கேட்டா தங்கச்சி குரல் தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி அங்கங்க மங்கலா ஒட்டிட்டு இருக்கு, சிம்பல் எல்லாம் சலசலன்னு கரைஞ்சு போயிருக்கு. முடிஞ்ச பாட்டுல இருந்து குரலைப் பிரிக்கிற ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டு எடுத்தா இப்படித்தான் மிச்சம் நிக்கும். அந்த சாஃப்ட்வேர் மேல எனக்குக் கோபம் கிடையாது, பழைய பாட்டுக்கு டிராக் கிடைக்காதப்ப அது பெரிய உதவி. ஆனா வாய்ஸ் டிராக்கை மியூட் பண்ணி எக்ஸ்போர்ட் அடிச்சா முடிஞ்சு போற வேலைக்கு ஏன் பிரிக்கணும்? எனக்கு முதல் தடவையா சந்தேகம் வந்தது அங்கதான்.

சந்தேகத்தை உடைச்சது தங்கச்சி. அவ அதுவரைக்கும் முழுப் பாட்டைக் கேக்கவே இல்ல, ரிலீஸ் அன்னைக்குக் கேட்டுக்கிறேன்னு இருந்தா, நான்தான் உக்கார வச்சு ஹெட்ஃபோனை மாட்டினேன். ரெண்டாவது சரணம் முதல் வரி வந்தது, உடனே கழட்டிட்டா. "அண்ணா, இது நான் கடைசியா பாடினது இல்ல. இது பழசு. இந்த இடத்துல மூச்சு வாங்கியிருக்கேன் பாரு, அதுக்காகத்தானே மறுபடி பாடினேன்."

நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், சத்தத்துலயே மயங்கி அது காதுல ஏறவே இல்ல. பழைய சரணம் நான் அனுப்பின டிராக் ஃபோல்டர்ல எங்கயுமே கிடையாது. அது இருக்குற ஒரே இடம் அந்த 128 எம்பி3.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து செக் பண்ணேன். எப்படின்னு சொல்றேன், எல்லாமே இலவச சாஃப்ட்வேர்லயே பண்ணலாம். முதல்ல அவர் குடுத்த வேவ் ஃபைலை ஆடாசிட்டில போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் வியூ (எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு சத்தம் இருக்குன்னு படமா காட்டுறது) மாத்திப் பாத்தேன். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்னா 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் இருக்கும், மேல வரைக்கும் நிறைஞ்சு இருக்கணும்னு இல்ல, ஆனா சிம்பலும் வாய்ஸோட ஸ எழுத்தும் வர்ற இடத்துல படிப்படியா மங்கிப் போகணும். இதுல 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டின மாதிரி கோடு, அதுக்கு மேல பாட்டோட விஷயம்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. 128 கேபிபிஎஸ் எம்பி3 பண்றப்ப என்கோடர் அந்த உயரத்துக்கு மேல இருக்குறதைத்தான் தூக்கிப் போடும். ஒருதடவை போனது போனதுதான், அந்த எம்பி3யை 96க்கு மாத்தினாலும் 192க்கு மாத்தினாலும் திரும்பி வராது, ஃபைல் சைஸ்தான் பெருசாகும்.

அடுத்தது நல் டெஸ்ட். என் எம்பி3யையும் அவர் ஃபைலையும் ரெண்டு டிராக்ல பக்கத்துல வச்சு, ஆரம்பத்தை சாம்பிள் அளவுக்கு நேராக்கி, சத்தத்தையும் சமமாக்கி, ஒண்ணோட போலாரிட்டியை (ஒலி அலையோட மேடு பள்ளத்தை) மட்டும் தலைகீழாத் திருப்பி ரெண்டையும் சேர்த்து ஓட விடணும். ரெண்டும் ஒரே ரெக்கார்டிங்கா இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். புதுசா மிக்ஸ் பண்ணியிருந்தா எந்தக் காலத்துலயும் அழியாது, ரிவர்ப் (எதிரொலி) கொஞ்சம் வேற, பேனிங் (இடது வலதுல வைக்கிறது) கொஞ்சம் வேறன்னாலே பாட்டு அப்படியே கேக்கும். எனக்கு ஆரம்பத்துல வர்ற தனி கிட்டார் பகுதி கிட்டத்தட்ட மொத்தமா காணாமப் போச்சு, டிரம்ஸ் வந்த அப்புறம் மட்டும் அடிக்கு அடி சின்னதா சரக் சரக்னு ஒரு மிச்சம், அது லிமிட்டர் (சத்தத்தோட உச்சியை அமுக்கி மொத்தப் பாட்டையும் சத்தமாக்குற கருவி) அமுக்கின இடங்கள். அதாவது என் ரஃப் மிக்ஸை எடுத்து, லிமிட்டர்ல போட்டு நசுக்கி, அதையே எனக்கு வித்திருக்கார்.

லவுட்னஸ் மீட்டர்ல பாத்தா மைனஸ் 6.9 எல்யூஎஃப்எஸ் (பாட்டோட சராசரி சத்த அளவு, பூஜ்யத்துக்குப் பக்கத்துல வர வர சத்தம் அதிகம்), ட்ரூ பீக் (நிஜ உச்ச அளவு) ப்ளஸ் 1.4. ஸ்பாட்டிஃபைல நார்மலா மைனஸ் 14க்குக் கொண்டு வருவாங்க, அப்ப இது 7 டிபி இறங்கிடும், நசுங்கினது மட்டும் நசுங்கினபடியே இருக்கும், கார்ல அதிருதுன்னு நான் சந்தோஷப்பட்ட அந்த சத்தம் அங்க போனா இருக்கவே இருக்காது. ட்ரூ பீக் மைனஸ் 1க்குக் கீழ வைங்க, மைனஸ் 14ஐ விட சத்தமான மாஸ்டர்னா மைனஸ் 2க்குக் கீழ வைங்கன்னு அவங்களே சொல்றாங்க. சத்தமா மாஸ்டர் பண்றதே தப்புன்னு சொல்ல வரல, சில பாட்டுக்கு அது வேணும், நல்லா பண்றவங்க தெரிஞ்சு பண்ணுவாங்க. மெல்லிசான ஒரு பாட்டுக்கு இப்படிப் பண்றதுக்கு ஒரே காரணம், ஏமாத்தறதுக்கு சத்தம்தான் சுலபம்.

ஸ்பெக்ட்ரோகிராம் படம், நல் டெஸ்ட் ஆடியோ, பழைய சரணம் புது சரணம் ரெண்டு க்ளிப், எல்லாத்தையும் அவருக்கு அனுப்பினேன். முதல்ல மாஸ்டரிங்னா ஸ்டீரியோ ஃபைல்லதான் பண்ணுவாங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு பதில் வந்துச்சு. மாஸ்டரிங் அப்படித்தான், எனக்கும் தெரியும், நான் காசு குடுத்தது மிக்ஸிங்க்கும் சேர்த்து, ஆர்டர்லயே அப்படித்தான் இருக்கு. அதைச் சொன்னதும் உங்க டிராக்ஸ் குவாலிட்டி சரியில்ல, ரஃப் மிக்ஸ்தான் நல்லா இருந்துச்சு, அதனால அதையே யூஸ் பண்ணேன்னு மாத்திப் பேசினார். சரி, அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். அதோட பதில் நின்னு போச்சு. தளத்துல புகார் குடுத்தா, நீங்களே அப்ரூவ் பண்ணிட்டீங்களேன்னு சொல்றாங்க.

இப்ப அதே ஃபோல்டரை வேற ஒரு இன்ஜினியர்கிட்ட குடுத்திருக்கேன். வித்தியாசத்தைக் கேளுங்க. ஃபைல் போய்ச் சேர்ந்த அன்னைக்கே நாலு கேள்வி வந்துச்சு. வயலின் மூணு ஃபைல் மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கு, மத்தது எல்லாம் 44.1, மாத்தாம அப்படியே ஓட்டினா ஒன்றரை செமிடோன் கிட்ட சுருதி இறங்கி மெதுவாயிடும், நான் கன்வர்ட் பண்ணிக்கட்டுமா இல்ல நீங்க குடுக்கிறீங்களான்னு கேட்டார். பேஸ் நேரா எடுத்ததும் மைக்ல எடுத்ததும் ஒண்ணுக்கொண்ணு போலாரிட்டி மாறியிருக்கு, சேர்த்தா அடி சத்தம் காணாமப் போகுது, ஒண்ணைத் திருப்பிக்கிறேன்னார். ஹார்மனி நாலாவது ஃபைல் வெறும் சைலன்ஸ், எக்ஸ்போர்ட் பண்றப்ப விட்டுப் போச்சான்னு கேட்டார். ஆமா, நான்தான் மியூட்லயே எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கேன். அப்புறம் ரஃப் மிக்ஸ்ல சரணம் வேற மாதிரி இருக்கே, எந்த டேக்னு உறுதி பண்ணிக்கட்டுமான்னு.

ஒரு ஃபைல் காலியா இருக்குன்னு முதல் ஆளு சொல்லவே இல்ல பாருங்க. திறந்திருந்தா முதல் அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அதனால நீங்க குடுக்குற ஆளு கேள்வி கேக்குறாரான்னு முதல்ல பாருங்க. மிக்ஸ் பாதியில இருக்கப்பவே வாய்ஸ் இல்லாம ஒரு முப்பது செகண்ட் அனுப்பச் சொல்லுங்க, நிஜமா டிராக் திறந்து வச்சிருக்குற ஆளுக்கு அது கஷ்டமே இல்ல. ரஃப் மிக்ஸ் அனுப்பினா எம்பி3யா மட்டும் அனுப்புங்க, இனிமே நான் வேணும்னே 128ல, அதுவும் பழைய டேக்கோடதான் அனுப்பப் போறேன், அது திரும்பி வந்தா ஸ்பெக்ட்ரோகிராம்ல உடனே காட்டிக் குடுத்துடும். இன்ஸ்ட்ருமென்டலும் வாய்ஸ் மட்டும் தனியாவும் டெலிவரில சேரும்னு ஆர்டர்லயே எழுதி வாங்கிக்கோங்க.

அவரோட பக்கம் இன்னைக்கும் ஓடிட்டுதான் இருக்கு, அதே கன்சோல் போட்டோ, அதே பிஃபோர் ஆஃப்டர். என்னோட பாட்டையும் அந்த சாம்பிள்ல புதுசா சேர்த்து வச்சிருக்கார், தங்கச்சி வேண்டாம்னு தூக்கிப் போட்ட அந்தப் பழைய சரணத்தோட. அதை எடுக்கச் சொல்லி நேத்து மூணாவது தடவையா எழுதியிருக்கேன்.