கொழுப்பு காட்டும் எடை மெஷினோடு இரண்டரை வருடம்

2023 ஜூனில் இந்த மெஷினை ஆன்லைனில் வாங்கினேன். கண்ணாடித் தட்டு, அதன் மேல் நான்கு உலோகப் பட்டைகள், போனில் ஒரு செயலி. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்புச் சதவீதம், தசை, எலும்பு, உடலின் நீர், 'உடல் வயது' என்று பத்துப் பன்னிரண்டு எண்களை வரிசையாகக் காட்டும். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. நான் எழுதுவது இந்த வகை மெஷின் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பலரும் எடை குறைக்கத்தான் இதை வாங்குகிறார்கள். நான் எடை ஏற்ற வாங்கினேன்.

அப்போது என் எடை 42 கிலோ, உயரம் 158 செ.மீ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் எண், 16.8. 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்பார்கள். பெரம்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், ஒரு நாளில் ஆறு பீரியட் நின்றுகொண்டே போகும். மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல எடை போடும்மா. மெதுவா போடு, ஆனா போடு" என்றார். இவ்வளவு குறைந்த எடையில் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க டெக்ஸா ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் ஸ்கேன் அது, முழு உடம்புக்கும் எடுத்தால் கொழுப்பு எவ்வளவு என்றும் காட்டும்.

எனக்கு எடை போடுவதில் ஒரு பயம் இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோது வயது 41. அவரும் ஒல்லிதான். ஒல்லியாக இருந்தால் கொழுப்பு இருக்காது என்பது நம் உடம்புக்குப் பொருந்தாத எண்ணம். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. யட்கினின் உடலில் 9.1 சதவீதம் கொழுப்பு, யாஜ்னிக்கின் உடலில் 21.2. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கிடுவதும் இதனால்தான். ஆகவே ஏறும் ஒவ்வொரு கிலோவும் கொழுப்பா தசையா என்று தெரிந்தாக வேண்டும் என நினைத்தேன். மெஷின் வாங்கிய காரணம் இதுதான்.

ஸ்கேன் எடுத்த அதே வாரம் மெஷினிலும் ஏறி நின்றேன். மெஷின் 18.6 சதவீதம் என்றது. ஸ்கேன் 26.2 என்றது. 42 கிலோ உடம்பில் 11 கிலோ கொழுப்பு என்பதைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. அப்புறம் டீச்சர் புத்தி வேலை செய்தது. மெஷின் 7.6 குறைத்துக் காட்டுகிறது, எப்போதும் அதே 7.6 குறைத்துத்தான் காட்டும், எனவே வருகிற எண்ணோடு 7.6-ஐக் கூட்டிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன். ஓடாத கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரத்துக்கும் வித்தியாசம் உண்டல்லவா, இது இரண்டாவது வகை என்று நம்பினேன். அந்த ஒரு நம்பிக்கையால் எனக்கு மூன்று மாதம் வீணானது.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. காலையில் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஓடியவள், அதோடு இரண்டு முட்டை சேர்த்தேன். பள்ளியில் பதினொரு மணி இடைவேளைக்கு 40 கிராம் வேர்க்கடலை, அதில் 10 கிராம் புரதமும் 225 கலோரி அளவும் கிடைக்கும். மதியம் சாதத்தைக் கூட்டவில்லை, பருப்பைக் கெட்டியாக்கி ஒரு ஸ்பூன் நெய் விட்டேன். மாலையில் சுண்டல், இரவில் பாலும் ஒரு செவ்வாழையும். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டேன், ஏனென்றால் காபியும் டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.  இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், எனக்கு 35 கிராம். தசை ஏற்ற உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அது போதாது என்பதால் 60 கிராம் வரை கொண்டுபோனேன். எடை கூட்டும் பவுடர் டப்பாக்களை வாங்கவில்லை. பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்துதான். வாரத்தில் மூன்று நாள் மொட்டை மாடியில் டம்பெல்லோடு உட்கார்ந்து எழுவது, தண்டால், முதுகுக்கான பயிற்சிகள்.

ஐந்து மாதத்தில் எடை 44.6 ஆனது. நவம்பர் மழை நாள் ஒன்றில் மெஷின் 22.1 என்று காட்டியது. என் கணக்குப்படி 7.6-ஐக் கூட்டினேன், 29.7. ஏறியதெல்லாம் கொழுப்பு என்று நம்பி அன்றைக்கே வேர்க்கடலையை நிறுத்தினேன். நெய்யை நிறுத்தினேன். முட்டை ஒன்றானது. பொங்கலன்று அத்தை வைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டிக்கு மேல் வாங்கவில்லை, அவர் முகம் வாடியது இன்றைக்கும் உறுத்துகிறது. பதினோரு வாரத்தில் எடை 43.3 ஆக இறங்கியது. மெஷின் 20.4 காட்டியதில் சந்தோஷப்பட்டேன். மாடிப்படியில் மறுபடி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

உண்மையை முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் தைக்கும் அக்கா. அந்த நவம்பருக்கு முன்பே சொல்லிவிட்டார். தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது, பழைய அளவு ரவிக்கையைப் போட்டுக் காட்டச் சொன்னார். "இடுப்பு அப்படியேதான் இருக்கு கண்ணு, கைதான் பிடிக்குது. உள்தையலைப் பிரிச்சு விடறேன்" என்றார். அவருடைய நோட்டில் என் மேல்கைச் சுற்றளவு அரை அங்குலம் கூடியிருந்தது, இடுப்பில் மாற்றமே இல்லை. கொழுப்பு மட்டும் ஏறும் உடம்பில் இடுப்பு அப்படியே நின்றிருக்காது. அந்த நோட்டை நான் மதித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் டாக்டரிடம் என் அட்டவணையை நீட்டினேன். பார்த்துவிட்டு, "இது கொழுப்பை அளக்கலைம்மா. காலுக்குள்ள கரண்ட் எவ்வளவு சுலபமா போகுதுன்னு பார்க்குது, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகுதான் இதன் உள்விவரத்தைத் தேடிப் படித்தேன்.

ஒரு பாதத்தில் நுழைந்து மறு பாதத்தில் வெளியேறும்படி மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தை மெஷின் அனுப்புகிறது. பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், அதில் உப்புகள், அதனால் மின்சாரம் எளிதில் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அது தடுக்கும். எவ்வளவு தடை என்பதை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று மதிப்பிடுகிறது. கொழுப்பற்ற பகுதியில் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, மீதியைக் கொழுப்பு என்கிறது. ஆக, அது நேராக அளப்பது எடையையும் மின்தடையையும் மட்டுமே. மற்ற எண்கள் எல்லாம் நாம் செயலியில் பதிந்த உயரம், வயது, பாலினத்தோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு எடுப்பவை. அதிலும் மின்னோட்டம் காலோடு ஏறிக் காலோடு இறங்குகிறது. வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பெரும்பாலும் ஊகம்தான். நமக்கோ வயிற்றுக் கொழுப்பைப் பற்றித்தான் கவலை.

இதைப் படித்த அன்றே செயலியில் என் பாலினத்தை மட்டும் ஆண் என்று மாற்றிவிட்டு ஏறி நின்றேன். அதே கால், அதே நிமிடம். கொழுப்பு பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்தது. வயதை 60 ஆக்கினேன், சில புள்ளிகள் ஏறியது. விளையாட்டு வீரர் என்று தெரிவு செய்தேன், மறுபடி இறங்கியது. இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் அனைவரும் ஒரு முறை இதைச் செய்து பார்க்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதைவிட அந்த இரண்டு நிமிடத்தில் நன்றாகப் புரிந்துவிடும்.

இன்னொரு நாள் நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். காலை எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்ததும் 21.4. குளித்துவிட்டு ஈரக்காலோடு நின்றபோது 20.3. அரை லிட்டர் தண்ணீர் குடித்த உடனே 21.9. வயிற்றில் கிடக்கும் அந்தத் தண்ணீர் கால் வழியே போகும் மின்னோட்டத்தைத் தொடுவதில்லை, எடையை மட்டும் கூட்டுகிறது, அதனால் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் போய்ச் சேர்கிறது. பள்ளியில் நாள் முழுக்க நின்றுவிட்டு மாலையில் வந்து ஏறினால் 19.6. நிற்க நிற்க நீர் காலில் இறங்கிவிடும், கால் வீங்கினாற்போல் இருக்கும், மின்சாரம் சுலபமாகப் போகும், மெஷின் கொழுப்பு குறைந்துவிட்டது என்று சொல்லும். ஒரே நாளில் 2.3 புள்ளி வித்தியாசம். என் எடைக்கு அது ஒரு கிலோ கொழுப்பு. ஐந்து மாதம் கஷ்டப்பட்டு ஏற்றியது இரண்டரை கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள்.

பித்தவெடிப்பு இருந்த குளிர்கால வாரங்களில் எண் கூடவே வந்தது, காய்ந்து தடித்த தோலும் ஒரு தடைதானே. மெட்டியைக் கழற்றியும் கழற்றாமலும் பார்த்தேன், என் மெஷினில் வித்தியாசம் தெரியவில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எடையே ஒரு கிலோ வரை கூடும், அந்த வாரத்து எண்ணை எதனோடும் ஒப்பிடக் கூடாது. கத்திரி வெயிலில் எண் தாறுமாறாகக் குதித்தது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் தடை கூடும், தோல் சூடாகி வேர்த்தால் தடை குறையும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரிக்குப் பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினேன். கொழுப்புப் பக்கத்தைத் திறக்காமல், எடையை மட்டும் தினமும் காலையில் குறித்து வாரச் சராசரி எடுத்தேன். மாதம் ஒரு முறை இன்ச் டேப்பால் இடுப்பு, தொடை, மேல்கை அளந்தேன். மூன்றாவதாக ஒரு அளவும் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன். ஆரம்பத்தில் அதைத் தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட என்னால் தூக்க முடியாது, கேன் போடும் தம்பியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் நானே தூக்கிக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்தார்.

2025 டிசம்பரில் அதே மையத்தில், அதே போல வெறும் வயிற்றில், இரண்டாவது டெக்ஸா எடுத்தேன். எடை 49.4, பிஎம்ஐ 19.8. கொழுப்பு 27.0 சதவீதம். கிலோவில் பார்த்தால் 11-லிருந்து 13.3. ஏறிய 7.4 கிலோவில் 2.3 கிலோதான் கொழுப்பு, மீதி 5.1 கிலோ கொழுப்பல்லாதது. இடுப்பு 66 செ.மீ.யிலிருந்து 69, தொடை 44-லிருந்து 49. அன்று காலை வீட்டு மெஷின் காட்டியது 25.3. அதை நம்பியிருந்தால் 7.8 கிலோ கொழுப்பு 12.5 ஆகியிருக்கிறது, ஏறியதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு என்று ஆகியிருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்த இடம்தான். "எண் தப்பாக இருக்கலாம், ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு சரியாக இருக்கும்" என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். எடை மாறாமல் இருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். எடை ஏற்றுகிறவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் அந்த எடையே சூத்திரத்துக்குள் போகிறது. முதலில் 7.6 ஆக இருந்த இடைவெளி இரண்டரை வருடத்தில் 1.7 ஆகச் சுருங்கிவிட்டது. நிலையான பிழை என்று நான் நினைத்தது என் எடையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. டெக்ஸாவும் கடவுள் வாக்கு அல்ல. ஒன்றிரண்டு புள்ளி அங்குமிங்கும் போகும், உடம்பில் தேங்கும் நீரையும் அது கொழுப்பல்லாததில்தான் சேர்க்கும். ஆனாலும் முழு உடம்பையும் பார்க்கிறது. அது சொன்னதும் தையல் அக்காவின் நோட்டும் ஒத்துப்போயின.

ஒல்லியாக இருக்கும் தங்கைகள் பலர் எடை போட இந்த மெஷினை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் எடை இறங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், உடனே டாக்டரைப் பாருங்கள், எந்த மெஷினும் காசநோயைச் சொல்லாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ஏறவே கூடாது. எடைக்காக மட்டும் என்றால், கொழுப்பு காட்டாத சாதாரண டிஜிட்டல் மெஷினே போதும், விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் ஒரு ஜோடி டம்பெல் வாங்குங்கள்.

என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன். போன வாரம் பேட்டரி மாற்றினேன். மாற்றியதும் வழக்கம்போல 5 கிலோ டம்பெல்லைக் கையில் பிடித்தும் பிடிக்காமலும் ஏறி நின்று பார்த்தேன். வித்தியாசம் சரியாக 5.0. செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.