ஹைட்ரோலிக் தண்டுக்கு உப்புக்குளியல் நைட்ரைடிங்கா, ஹார்ட் குரோமா?

ஹைட்ரோலிக் தண்டு என்பது எண்ணெய் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் போய்வரும் உருக்குத் தண்டு. யாழ்ப்பாணத்தின் குருநகர், மயிலிட்டி உப்புக்காற்றில் வேலை செய்யும் தண்டுக்குக் கறள்தான் பெரிய எதிரி. ஹார்ட் குரோம் என்ற கடினக் குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டு. அவற்றினூடாக உப்புநீர் இறங்கினால் அடியில் கறள் பிடித்துப் பூச்சு கழன்றுவிடும். நைட்ரைடிங்கில் தனிப்பூச்சே இல்லை. சுமார் 580 பாகை செல்சியஸ் உருகிய உப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடக்கும்போது நைதரசன் உருக்குக்குள் ஊறி, 10–20 மைக்ரோன் கடினப்படை உருவாகும். பிறகு ஒட்சியேற்றும் குளியல், பொலிஷ், மறுபடி ஒட்சியேற்றம். இவற்றைத் தவிர்த்தால் கறள் தடுப்பு வெகுவாகக் குறையும். புதுத் தண்டென்றால் நைட்ரைடிங்கையே தெரிவு செய்யுங்கள்.

தேய்ந்த தண்டின் அளவை மீட்க குரோம்தான். தடிப்பாகப் பூசி கிரைண்ட் பண்ணலாம். கடினமாக்கிய பின் குறைந்த வெப்பத்தில் பதமாற்றிய (மறுபடி சூடாக்கிய) உருக்கும் நைட்ரைடிங்குக்கு ஏற்றதல்ல: அந்தச் சூட்டில் உள்ளே கடினம் குறைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நைட்ரைடிங்குக்குக் கொடுக்கவே வேண்டாம்: மேற்பரப்பு கடினமாகும், ஆனால் கறள் பிடிக்கத் தொடங்கும்.