நீர்க்குறி பதித்த முப்பரிமாணப் படம்: பி.எஸ்.என்.ஆரா, எஸ்.எஸ்.ஐ.எம்மா?

1975-இல் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய யூட்டா தேநீர்க் கெண்டி என்ற முப்பரிமாணக் கணினி மாதிரியை 8 பிட் (0 முதல் 255 வரை வெளிச்ச அளவுகள்) சாம்பல் படமாக ரெண்டர் செய்து, அதாவது கணினியாலேயே வரைந்து, அதில் நீர்க்குறி (உரிமையைக் காட்ட மறைவாகச் சேர்க்கும் அடையாளம்) பதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதனால் படத்தின் தரம் கெட்டதா இல்லையா? இதைச் சொல்ல இரண்டு அளவுகோல்கள் உண்டு.

பி.எஸ்.என்.ஆர். (உச்ச சமிக்ஞை-இரைச்சல் விகிதம்) பழைய ஆள். பிக்சலுக்குப் பிக்சல் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து டெசிபெல்லில் சொல்லிவிடும்; எண் கூடினால் தரம் நல்லது என்று பொருள். கணக்கு சுலபம். ஆனால் பிழை எங்கே விழுந்தது என்று அதற்குக் கவலையே இல்லை. படம் முழுக்க 5 அளவு வெளிச்சம் கூட்டினாலும் சுமார் 34 டெசிபெல். பிக்சல்தோறும் 5 கூட்டியும் குறைத்தும் புள்ளி தெளித்தாலும் அதே 34. முதலாவது கண்ணில் படாது. இரண்டாவது, கெண்டியின் வழவழப்பான வயிற்றில் மணல் ஒட்டியதுபோல் தெரியும். கேமராப் படம் என்றால் அதிலுள்ள இரைச்சலே கொஞ்சம் மறைத்துவிடும். ரெண்டர் செய்த பரப்பில் அந்தத் திரை கிடையாது.

2004-இல் வந்த எஸ்.எஸ்.ஐ.எம். (அமைப்பு ஒற்றுமைக் குறியீடு) சின்னச் சின்னச் சன்னல்களாக வெளிச்சம், மாறுபாடு, அமைப்பு மூன்றையும் ஒப்பிடுகிறது. அந்த மணலை அது பிடித்துவிடும். இருண்ட பின்னணியில் கண்ணுக்கே தெரியாத மாற்றத்துக்கும் மதிப்பெண் குறைக்கும், அது வேறு தொல்லை.

அப்புறம், வெற்றுப் பின்னணி இரண்டையும் ஏமாற்றும். கெண்டி படத்தில் கால் பங்குதான், குறியும் அதில் மட்டும்தான் என்றால், பி.எஸ்.என்.ஆர். சும்மாவே 6 டெசிபெல் ஏறிவிடும். பொருளை மட்டும் வெட்டி எடுத்து அளப்பதே சரி.

என் ஓட்டு எஸ்.எஸ்.ஐ.எம்முக்கு; அதிலும் சராசரி எண்ணைவிட, இடவாரியாக அது தரும் வரைபடத்துக்கு.